ஆமையைத் தூக்கிவிட்டுக் குதிரையைக் கட்டியவருக்கு

உங்களைத்தான் சொல்கிறேன். என் கடைக்குள் வந்து ஆமையைத் தூக்கிக்கொண்டு, அதே இடத்தில் குதிரையைக் கட்டிவிட்டுப் போனீர்களே, உங்களைத்தான். பேர் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். திருடனாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன், திருடனுக்கும் பிழைப்பு இருக்கிறது. நீங்கள் செய்தது உபகாரம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பழைய வீடியோ கேம் விற்கிற தொழிலில் கேம் கால் பங்கு, வாய் முக்கால் பங்கு. கடை வைத்து அல்லல்படுகிறவர்களே, 'கடைசி விலை சொல்லுங்க' என்ற குரல் கேட்டுக் கேட்டே காது தேய்ந்தவர்களே, வழக்கை நீங்களே கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைகளுக்குப் பின்னால், மாடியில் என் கடை. சுவரோரம் நாலு டிவி, நாலு மெஷின். நாலிலும் ஒரே ஆட்டம். முப்பது வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரில் வந்தது. ஆடுகிறவன் முகம் தெரியாது. துப்பாக்கி மட்டும் திரையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பேய்களைச் சுட்டுக்கொண்டே கதவு கதவாகத் திறந்துகொண்டு போக வேண்டும். பெட்டியில் என்ன பேர் போட்டிருந்தாலும் என் கடையில் அதற்குப் பேர் 'பாதாளம்'. அது பேர் வாங்கியதும் ஆளாளுக்கு ஒவ்வொரு மெஷினுக்கு மாற்றிச் செய்து விற்றார்கள். அப்படி மாற்றியதை 'போர்ட்' என்பார்கள். ஒரே ரவிக்கைத் துணியை நாலு தையல்காரரிடம் கொடுத்த கதைதான்.

நாலாவது டிவியில் ஓடுவதற்கு நான் வைத்த பேர் ராஜா. புது மெஷினுக்கு வந்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது இருட்டு. சீடி மெஷின், சத்தம் பிரமாதம், ஆனால் கரண்டு போன வீடு மாதிரி இருக்கும். இரண்டாவது மொட்டை. படம் பளிச்சென்று இருக்கும், இடம் பத்தவில்லை என்று பாதி அறைகளைச் சிரைத்துவிட்டார்கள். முதல் டிவியில்தான் ஆமை. மெஷினில் செருகுகிற கேட்ரிட்ஜ். கல்யாண ஆல்பத்தின் நடுவில் பாஸ்போர்ட் படத்தை ஒட்டியது போல, திரை நடுவில் சின்னதாக ஒரு சதுரம். அதற்குள் எல்லாரும் சேற்றில் நடப்பார்கள். மூன்று பேய் சேர்ந்து வந்தால் மெஷினே மூச்சு வாங்கும்.

நாலில் படு மட்டம் அதுதான். என் சோற்றுப் பானையும் அதுதான்.

மட்டமானது முன்னால்

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். கிள்ளானில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். முதல் நாளே, வந்த அம்மாவுக்கு நல்ல புடவையை முதலில் விரித்துவிட்டேன். அன்று முதலாளியிடம் வாங்கிய வசவுதான் நான் வாங்கிய ஒரே பட்டம். மங்கலானதை முதலில் விரிக்க வேண்டும். அந்த அம்மா முகம் சுளிக்க வேண்டும். அதற்கப்புறம் எதை விரித்தாலும் பட்டாகத் தெரியும்.

அதே சட்டம்தான் என் கடையிலும். ராஜாதான் வேண்டும் என்று வருகிறவரும் முதலில் ஆமையிடம் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும், கடிகாரம் பார்த்து. ஒரு நாள் டை கட்டிய பேங்க்காரர் ஒருவர் வந்தார். விலையைக் கேட்டதும் பாதிக்குக் கேட்டார். எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு ஆமையிடம் உட்கார வைத்தேன். இரண்டாவது நிமிஷம் டையைத் தளர்த்தினார். மூன்றாவது நிமிஷம் பேய்கள் சேர்ந்து வந்து, திரை வேலை விடுகிற நேரத்து ஹைவே மாதிரி நின்றுவிட்டது. எழுந்தவர், அப்புறம் பேரமே பேசவில்லை. "அண்ணே, எதை வேணும்னாலும் குடுங்க, என்ன விலைன்னாலும் சொல்லுங்க, இதை மட்டும் நிப்பாட்டுங்க."

நாலு டிவி ஒரு தம்பதி

செந்தூலிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவர் கையில் நோட்டுப் புத்தகம். நாலு போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவாராம். பார்க்கட்டும். ஆனால் மனுஷன் கைப்பேசியில் நேரம் பிடித்துக்கொண்டு, ஒரு கதவு திறக்க எந்த மெஷினில் எத்தனை விநாடி என்று எழுத ஆரம்பித்தார். பேய் செத்து விழுகிறபோது எந்தப் பக்கம் சாய்கிறது, சுவரில் செங்கல் எத்தனை வரிசை. மூன்று மணி நேரம்! டீ வாங்கிக் கொடுத்தேன். வடை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் வாய்விட்டுத் திட்டினேன். அவர் தலை நிமிராமல், "சத்தம் போடாதீங்க, சத்தத்துக்கும் மார்க் போடுறேன்" என்றார்.

அதுவரை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர் மனைவி. கடைசியில் எழுந்து நின்றார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ பத்து நிமிஷத்துல சரின்னு சொல்லிட்டுப் போனீங்க. அன்னிக்கு இந்த நோட்டுப் புஸ்தகம் எங்க இருந்துச்சு?"

காணாமல் போன ஸ்டோர் ரூம்

ஜெஞ்சாரோமிலிருந்து, எண்ணெய்க்கான செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டுநர் ஒருவர் வருவார். அவருக்குப் பாதாளத்தின் வழியெல்லாம் மனப்பாடம். ஒரு நாள் மொட்டையை ஆடிக்கொண்டிருந்தவர், ஆட்டத்துக்குள் ஒரு சுவருக்கு முன்னால் நின்று முட்டிக்கொண்டே இருந்தார். "அண்ணே, இங்க ஒரு ஸ்டோர் ரூம் இருந்துச்சு. எங்க?" என்றார்.

"இதுல அது கிடையாது. மொட்டையடிச்சிட்டானுங்க."

"அப்ப படிக்கட்டு?"

"அதுவும்தான்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஸ்டோர் ரூம் ஒன்று, படிக்கட்டு ஒன்று, அந்தப் பக்கம் வராந்தா ஒன்று. மூன்றுக்கும் கழித்துக்கொண்டு விலை சொல்லச் சொன்னார். நான் கொதித்துவிட்டேன். இது வீடா, கேமா? அறைக்கு அறை விலை பேச நான் என்ன வீட்டுத் தரகனா? பூமாலைக் கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, லோரிக்குள் இருப்பவர் மாதிரியே நிதானமாகச் சொன்னார்: "கத்தினா ரூம் வந்துடுமாண்ணே? ரூம் கொறஞ்சா வாடகை கொறையணும்லா."

குறைத்துத்தான் கொடுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அரங்கேற்றத்துக்கு முன் ஒரு கதவு

இனி விஜயா அக்கா. கேரி தீவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சனிக்கிழமை தோறும் மகளை எங்கள் தெருவில் பரதநாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் என் கடைக்கு ஏறி வந்தார். வாங்க வந்தவர் இல்லையே என்று நேரே ராஜாவில் உட்கார வைத்தேன். நாற்பது விநாடியில் தலையைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் ஒரு நிமிஷம். அதற்குள் வாந்தி வருகிறது என்று ஜன்னலுக்கு ஓடினார். இது பலருக்கு வருகிறதுதான். கீழே சாப்பாட்டுக் கடையில் டீ ஆற்றுகிற காசிம் பாய், தொண்டிக் கடலில் தோணியில் போய் வந்தவர். அவரே ராஜாவை ஆடிவிட்டு அரை நாள் படுத்துக் கிடந்தார்.

ஆனால் ஆமை அக்காவுக்கு ஒத்துக்கொண்டது. சின்னச் சதுரம், மெதுவான நடை, தலை சுற்றவில்லை. பேய் வருவதைப் பார்த்து, யோசித்து, சுட நேரம் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆமைதான். ஒன்றரை வருஷம்! மகள் அங்கே அடவு போட, அம்மா இங்கே பேய் சுட, இரண்டு பேருக்கும் பந்தயம் வேறு. மகள் அரங்கேறுவதற்குள் அம்மா பாதாளத்தின் கடைசிக் கதவைத் திறந்தாக வேண்டும். அரங்கேற்றம் முடிந்தால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் வாரா வாரம் பிரிக்பீல்ட்ஸும் இல்லை.

ஆமையை விலைக்குக் கொடுங்கள் என்று பல தடவை கேட்டார். அது விற்கிற சாமான் இல்லை, விற்க வைக்கிற சாமான் என்று மறுத்துவிட்டேன். அக்காவும் விடவில்லை. "இதைவிட மட்டமா ஒன்னு கெடைச்சா, இதை எனக்குத் தள்ளிவிட்டுடணும், சரியாண்ணே?"

ஆமை ஓடியது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. விலையில் இரண்டு வெள்ளிக்காக ஒருவரோடு நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம். என் முதுகு டிவிகளின் பக்கம். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் உபகாரி வேலையை முடித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒரு புது வாடிக்கையாளர். வழக்கம் போல ஆமையிடம் உட்கார வைத்து, வழக்கம் போல வசனத்தை ஆரம்பித்தேன். "இதான் சார் முதல்ல வந்தது. ரொம்ப மோசம். பாருங்க, எப்படி நொண்டுதுன்னு பாருங்க." அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். திரை முழுக்க விரிந்து கிடந்தது படம். பேய்கள் பாய்ந்து வந்தன. துப்பாக்கி படபடத்தது. என் வாய் மட்டும் பழக்கதோஷத்தில் "மோசம், மோசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. "என்ன பாஸ் மோசம்?" என்றார் அவர். "இதுவே போதும். இதான் சும்மா காட்டுறதாச்சே, கொறச்சுப் போட்டுக் குடுங்க."

மேனகா என் கடையில் மெஷின் பழுது பார்க்கிறவர். பன்னிரண்டு வருஷமாக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே சம்பளம் வாங்குகிறார். கேட்ரிட்ஜைக் கழற்றிப் பார்த்தார். மேலே அதே படம், உள்ளே பளபளவென்று புது சர்க்யூட் பலகை. அதே பழைய மெஷினுக்கே ஆட்டத்தை இப்போது சரிசெய்து புதிதாக விடுகிறார்களாம். மெஷினுக்கு அடியில் ஒரு சீட்டும் இருந்தது. அதை மேனகாதான் உரக்கப் படித்தார்: 'அண்ணே, இந்தப் பழசைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நல்லதை வைத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.'

நான் நாற்காலியை உதைத்தேன். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனகா சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "பாஸ், திருடியே உங்களை வாழவச்சுட்டாங்க."

நன்றி வேண்டாம் என்கிறாரே

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சாமான் களவு போய்விட்டது என்றேன். என்ன சாமான்? கேம். என்ன மதிப்பு? மதிப்பே அதன் மட்டம்தான். காவலர் பேனாவைக் கீழே வைத்தார். அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். அது என்ன மாதிரி? அதைவிட நல்லது. பொய் சொல்லத் தெரியாமல்தான் நான் முன்னேறாமல் கிடக்கிறேன்.

சீட்டையும் காட்டினேன். அவருக்காக மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததால் இன்னும் கோபம் வந்தது. காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மலாயிலேயே கேட்டார்: "அவரைப் பிடிச்சா நாங்க என்ன பண்ணணும், லாக்கப்ல போடணுமா, மாலை போடணுமா?"

கெட்டது கிடைக்காத ஊர்

ஆமை போனதும் வியாபாரம் படுத்தது. மொட்டையை முதலில் காட்டினேன். முகம் சுளிக்கிற அளவுக்கு அது மட்டமும் இல்லை, வாங்குகிற அளவுக்கு நல்லதும் இல்லை. 'யோசிச்சிட்டு வரேன்' என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். சரி, நாமே ஒரு மட்டத்தை உண்டாக்கலாம் என்று உபகாரியின் குதிரையைப் பிடித்தேன். டிவியின் வெளிச்சத்தைக் குறைத்தேன். சத்தத்தைப் பிடுங்கினேன். பொத்தான்களில் காசிம் பாயின் டீயை ஊற்றினேன், கெட்டிப் பால் போட்ட டீ. வந்த முதல் ஆள் ஐந்து நிமிஷம் பிசுபிசுவென்று ஆடிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணே, கேம் சூப்பர். கடைதான் கெட்டுப்போச்சு."

வேறொரு ஆமை வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். தேடினேன். மட்டம் என்று எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் தூக்கிப் போட்டதால் இப்போது அது அபூர்வமாகிவிட்டது! கிள்ளானில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முதலில் ஒரு கேட்ரிட்ஜை எடுத்து நீட்டினார். உடைந்து, துருப்பிடித்து, கரப்பான் முட்டையோடு இருந்தது. முகத்தைச் சுளித்தேன். உடனே உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார், சுத்தமாக, துணியில் சுற்றி. ஆமை! என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. பாதி வழியில்தான் உறைத்தது, எனக்கே புடவை விரிக்கிறான் என்று. அதுவும் கிள்ளானில்! அவர் சொன்ன விலையில் நான் ஒரு கடையையே பிடித்திருப்பேன். கத்தினேன். அவர் துணியை மறுபடி சுற்றினார். "நீங்க பிரிக்பீல்ட்ஸ்ல பண்றதைத்தானே பாஸ் நான் இங்க பண்றேன்?"

பேய் ஓடக் கற்றது

இந்த அலைச்சலுக்கெல்லாம் முன்னால், ஆமை போன மூன்றாம் நாளே சனிக்கிழமை வந்தது. விஜயா அக்காவும் வந்தார். நடந்ததை மேனகா சொல்லட்டும் என்று இருந்தேன். மேனகாவைப் பார்த்தேன், அவர் சாலிடர் வைப்பதில் மும்முரமாகிவிட்டார். அக்கா கைப்பையை நாற்காலியில் மாட்டினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஆமை இருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு கதவு. ஒரே ஒரு கதவுதான் பாக்கி. அரங்கேற்றத்துக்கு மூன்று சனிக்கிழமை.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பேய் பாய்ந்து வந்தது. அக்கா துப்பாக்கியைத் திருப்புவதற்குள் செத்துப்போனார். மறுபடி செத்தார். மூன்றாம் தடவை சாகும்போது கண்ணை மூடிக்கொண்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகளின் கூச்சலோடு வேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு எழுந்து நிற்க என் கையைத் தேடினார். அவரை நாற்காலியில் சாய்த்து, தண்ணீர் கொடுத்து, உபகாரியின் கதையைச் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டி மனசு ஆறியிருப்பேன். அவர் திரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏண்ணே, இந்தப் பேயெல்லாம் எப்போ ஓடக் கத்துக்கிச்சு?"

போன சனிக்கிழமையும் வந்தார். ஆடவில்லை. கீழே வேனிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் மட்டும் சலங்கைப் பையோடு மாடி ஏறி வந்தாள், வந்து நாலு டிவியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், பந்தயத்துல நான் ஜெயிச்சிட்டேன்னு அம்மா சொல்றாங்க. ஆடாமயே தோத்தா அது செல்லாதுலா?"

செல்லாதுதான். அதனால்தான் உபகாரியே, உங்களுக்கு எழுதுகிறேன். ஆமையைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள். பழசைப் பார்த்துப் பாவப்படுகிற ஆளுக்குத் தூக்கிப் போடவும் மனசு வராது. கொண்டு வாருங்கள். கத்த மாட்டேன், மேனகா சாட்சி. உங்கள் குதிரையைத் துடைத்துத் தருகிறேன், டீ கறை கொஞ்சம் இருக்கும். மேலே ஒரு கண்ட்ரோலரும் தருகிறேன். சரி, இரண்டு கண்ட்ரோலர், இதற்கு மேல் ஒரு ஒயர்கூடக் கிடையாது. ஆமை வந்தால் முதலில் அக்காவுக்கு, அந்தக் கதவு திறக்கிற வரைக்கும். அதற்கப்புறம்தான் எனக்கு.

நல்லதை எவனும் விற்பான், மட்டமானது கையில் இருந்தால்தான் வியாபாரம், இன்னும் இரண்டே சனிக்கிழமை இருக்கிறது, ஆகவே என் மட்டத்தை எடுத்த இடத்திலேயே கொண்டு வந்து வையுங்கள், நன்றி சொல்ல மாட்டேன்.